அவள் மடியில் என் மகளின் கால்

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. டேங்கர் தண்ணீர் ஆபீஸில் போன் எடுப்பது என் வேலை. கோடை வந்துவிட்டால் பெங்களூரில் பாதிப் பேருக்குத் தண்ணீர் வேண்டும், அதுவும் இப்போதே வேண்டும். அபார்ட்மெண்ட் செக்ரெட்டரி ஒரு காதில் கத்துவான், லாரி டிரைவர் இன்னொரு காதில் கத்துவான். இரண்டு பேரையும்விடச் சத்தமாக நான் கத்தினால்தான் லாரி கிளம்பும். அப்படிப் பழகின வாயை வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியாது.

அந்த வாயால்தான் என் மகள் முன்னுக்கு வந்தாள் என்று இன்றைக்கும் சொல்வேன். அவள் ஸ்கேட்டிங் ஓடுகிறவள். பி.யூ.சி. முதல் வருஷம், அதாவது பதினொன்றாம் வகுப்பு. என் வீட்டுக்காரர் விடியும் முன்பே பீன்யாவில் ஃபேக்டரி ஷிப்டுக்குப் போய்விடுவார். அதனால் ரிங்க்குக்குக் கூட்டிப்போவது, வீல் மாற்றுவது, பேரிங்கைக் கழுவிக் காயவைப்பது, லேஸ் கட்டுவது, சண்டை போடுவது எல்லாம் நான்தான். ரிங்க்கில் லைட் எரியவில்லையா, நான் போய்க் கேட்பேன். கோச் தாமதமாக வருகிறானா, கேட்டிலேயே நிறுத்திக் கேட்பேன். ரேஸ் லிஸ்டில் என் மகள் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறார்களா, அடித்தவனையே உட்காரவைத்துத் திருத்த வைப்பேன்.

ரிங்க்குக்கு வரும் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி அப்பா ஒரு நாள் சொன்னார்: "உங்க பொண்ண ஒரு பிராண்டா பாருங்க மேடம். இப்பல்லாம் ஓடினா மட்டும் போதாது." அன்றைக்கே என் போனில் அவளுக்கு ஒரு பேஜ் ஆரம்பித்தேன். 'விவேக் நகர் புயல்' என்று பேர் வைத்தேன். அவள் ஓடுவது, விழுவது, எழுந்திருப்பது, முட்டை சாப்பிடுவது என்று எல்லாவற்றையும் போட்டேன். எங்கள் தெரு முனை பேக்கரிக்காரரிடம் பேசி ஹெல்மெட்டில் அவர் ஸ்டிக்கரை ஒட்டினேன். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் பேசி ஜெர்சி தைக்க வைத்தேன்.

"மம்மி, காலேஜ்ல என்னப் பாத்தாலே புயல் வருது, ஜன்னல சாத்துன்றாங்க. பேரையாச்சும் மாத்து."

"சிரிக்கட்டுமே. நாளைக்கு ஸ்டேட் டீம்ல போனா அவங்கதான் வந்து செல்ஃபி கேப்பாங்க."

ஸ்டேட் டீம். எங்களுக்கு அது ஒன்றுதான் வேண்டும். மாவட்ட ரோடு ரேஸில் முதல் வரிசையில் வந்தால் செலக்ஷனுக்குக் கூப்பிடுவார்கள். செலக்ஷனில் அவள் வயதில் நான்கு பெண்களை எடுப்பார்கள். அந்த நான்கில் ஒருத்தி.

இப்போது அவளைப் பற்றிச் சொல்கிறேன். என் மகளைச் சொல்லவில்லை. காக்ஸ் டவுன்காரியைச் சொல்கிறேன்.

அவள் மகளும் எங்கள் ரிங்க்தான், என் மகள் வயதுதான். அவள் ஒரு ஸ்கூல் டீச்சர். ரிங்க்கில் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுவார்கள், நான் உட்பட. காக்ஸ் டவுனில் பழைய பெரிய வீடு, வாசலில் மாமரம். மகளை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வருவாள். காட்டன் புடவையில் ஒரு மடிப்புக் கலையாது. ரிங்க் ஓரத்தில் உட்கார்ந்து சிவப்பு பேனாவால் பிள்ளைகளின் பரீட்சை பேப்பரைத் திருத்துவாள். பேசமாட்டாள். சிரிப்பாள், அவ்வளவுதான். நான் கோச்சைத் தேடிப் போவேன். கோச் அவளைத் தேடிப் போவான். நான் மூன்று முறை கேட்டு வாங்கின பயிற்சி நேரத்தை அவளுக்கு, "டீச்சர், உங்களுக்கு எப்ப வசதி?" என்று கேட்டுக் கொடுத்தான். அவள் மகளுக்கு ஒரு பேஜ் இருந்தது. அதில் நாய்க்குட்டி போட்டோதான் நிறைய. இருந்தும் வீல் இறக்குமதி செய்கிற கம்பெனி எங்கள் ரிங்க்கிலிருந்து ஒரு பெண்ணை எடுத்து, வருஷம் முழுக்க வீலும் ஷூவும் தருகிறோம், அட்டைப்பெட்டியில் படம் போடுகிறோம் என்று வந்தபோது அவள் மகளைத்தான் எடுத்தது.

நான் அந்தக் கம்பெனி ஆளுக்குப் போன் போட்டேன். "இன்னா சார், போன வருஷ ரோடு ரேஸ்ல ஃபர்ஸ்ட் வந்தது என் பொண்ணு. நீங்க ரெண்டாவது வந்த பொண்ண எடுக்கறீங்க?"

அவன் சொன்னான்: "மேடம், தப்பா நினைக்காதீங்க. அவங்க மம்மிகூட வேலை செய்யறது ஈசி."

ஈசி! நான் டேங்கர் ஆபீஸில் ஒரு நாள் முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். ஒன்றும் கேட்காதவளுக்கு எல்லாம் கிடைக்கிறது. கேட்கிறவளுக்கு, கேட்கிறாள் என்பதாலேயே கிடைக்கவில்லை. இது எந்த ஊர் நியாயம்? எங்கள் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எங்கள் லைன் வீடுகளில் குழாயடியில் கேட்காதவளுக்கு ஒரு குடம்கூட நிரம்பாது. மாமரம் வைத்த வீட்டில் பிறந்தவளுக்கு அது எங்கே தெரியும்?

விட்டேனா? நானும் ஒரு கம்பெனியைப் பிடித்தேன். புதிதாக வீல் விற்கிற சின்னக் கம்பெனி. ஆரஞ்சு நிற வீல், கண்ணைப் பறிக்கும். என் மகளுக்கு இரண்டு செட் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை: ரோடு ரேஸ் அன்று ஸ்டார்ட் கோட்டில் அவள் அந்த வீலோடு நிற்கிற ரீல் ஒன்று வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஸ்கேட்டிங்கில் ரிங்க்குக்கு ஒரு வீல், ரோட்டுக்கு ஒரு வீல். அந்த ஆரஞ்சு வீல் வழவழப்பான ரிங்க் தரைக்கானது. தார் ரோட்டில் கால் உதறும், திருப்பத்தில் வழுக்கும். அதனால் ஒரு கணக்குப் போட்டேன். ஆரஞ்சு வீலை மாட்டி ரீல் எடுத்துவிட்டு, ரேஸுக்கு முன் கழற்றிப் பழைய வீலை மாட்டிவிடுவது. போல்ட் திருகுகிற சாவி, அந்த ஆலன் கீ இருந்தால் எனக்கு அது டீ குடிக்கிற நேரத்து வேலை.

ரேஸ் ஒரு புது லே-அவுட் ரோட்டில், ஞாயிற்றுக்கிழமை காலையில். ரீல் எடுத்து முடித்தேன். மகள் நடைபாதையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். சாவியை எடுக்கப் பையில் கை விட்டபோதுதான் அந்த பேனரைப் பார்த்தேன். கேட்டுக்கு மேலே, ஆள் உயரத்துக்கு. குனிந்து, ஒரு கையை முதுகில் வைத்து, பறக்கிற மாதிரி ஒரு பெண். டீச்சர் மகள். போன வருஷ ரேஸில் எடுத்த போட்டோ. அந்தப் போட்டோவில் அவளுக்கு முன்னால் போன என் மகளின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. மீதியை வெட்டிவிட்டிருந்தார்கள்.

"தோ வந்துட்றேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

ரேஸ் நடத்துகிறவர் ஒரு கன்னடக்காரர், நல்ல தமிழ் பேசுவார். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இது யார் சார் போடச் சொன்னது?"

"டிசைனர் போட்டிருக்கான் மேடம். நல்லா இருக்கு இல்ல?"

"நல்லா கீதா? ஃபர்ஸ்ட் வந்தது என் பொண்ணு. ரெண்டாவது வந்ததுக்கு பேனரு, ஃபர்ஸ்ட் வந்ததுக்கு பெப்பேவா? தோ பாருங்க, இந்த முழங்கை யாருது? என் பொண்ணுது!"

"மேடம், ரேஸ் ஆரம்பிக்கணும். ஆமேலே பேசலாம்."

"இன்னா ஆமேலே? இப்ப பேசு. நான் வீடியோ எடுத்துனு கீறேன்."

நிஜமாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் மகள் போன் வந்தது. வீடியோ நின்றுவிடும் என்று கட் பண்ணினேன். திரும்பவும் வந்தது. திரும்பவும் கட் பண்ணினேன். கடைசியில் அவர் கும்பிட்டு, அடுத்த வருஷம் என் மகள் போட்டோதான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஜெயித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தோடு திரும்பி வந்தேன்.

வந்து பார்த்தால், என் மகளின் கால் அவள் மடியில் இருக்கிறது.

டீச்சர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கலையாத புடவையின் மேல் என் மகளின் ஷூ. பேரிங் எண்ணெய் கறுப்பாகப் புடவையில் பட்டிருக்கிறது. பக்கத்தில் ஆரஞ்சு வீல்கள் வரிசையாகக் கழற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. பழைய வீலை மாட்டி முடித்து, லேஸைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். என் மகள் அவள் தோளில் கை ஊன்றியிருக்கிறாள். அந்தக் கையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் ரிங்க்கில் ஒரு பழக்கம் உண்டு. அம்மாக்கள் தண்ணீர் கொடுத்துக்கொள்வோம், குளுக்கோஸ் கொடுத்துக்கொள்வோம், மழைக்குக் குடை பிடிப்போம். ஆனால் அடுத்தவள் பிள்ளையின் வீலில் கை வைக்கமாட்டோம். ரேஸில் ஒரு போல்ட் கழன்றால் பிள்ளைக்கு எலும்பு முறியும், பழி கை வைத்தவள் மேல் விழும். இன்னொன்று, லேஸைக் கட்டின கைதான் ரேஸ் முடிந்ததும் அவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் ராசி போய்விடும் என்று எல்லா அம்மாவும் நம்புவோம், டீச்சர் உட்பட.

"யாரக் கேட்டு கை வெச்சீங்க?"

டீச்சர் பதில் சொல்லும் முன் என் மகள் சொன்னாள்: "நான்தான் கேட்டேன் மம்மி. சாவி உன் பையில கீது. எத்தினி வாட்டி போன் பண்றது? என் நம்பர ரெண்டு தடவ கூப்டாங்க."

"அதுக்கு? போல்ட்ட லூசா வெச்சிருந்தா? ரோட்ல வுழுந்தா யாரு பாப்பா? இவங்க பொண்ணும்தானே ஓடறா? அது ஜெயிக்கணும்னு இவங்களுக்கு இருக்காதா?"

டீச்சர் லேஸின் கடைசி முடிச்சைப் போட்டு முடித்தாள். தன் ஆலன் கீயை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே ஒரு தடவை செக் பண்ணிக்குங்க."

நான் பண்ணினேன். எல்லோர் முன்னாலும் மண்டிபோட்டு ஒவ்வொரு போல்ட்டாகத் திருகிப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. ஒன்றாவது அசைந்திருக்கக்கூடாதா என்று எனக்கு இருந்தது. என் மகள் காலில் மாட்டியிருந்த வீல்தான். இருந்தும் அப்படித்தான் இருந்தது.

ரேஸில் என் மகள் இரண்டாவது, டீச்சர் மகள் மூன்றாவது. இரண்டு பேரும் செலக்ஷனுக்குத் தேர்வானார்கள். முடிந்ததும் என் மகள் என்னிடம் வரவில்லை. நேராக டீச்சரிடம் போய்க் காலை நீட்டினாள். கட்டின கைதானே அவிழ்க்க வேண்டும். ஆரஞ்சு வீல்களை நான் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி அப்பா எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தார். மறுநாள் அது ஊர் முழுக்க ஓடியது. நான் மண்டிபோட்டு போல்ட் திருகுவதற்குப் பின்னால் ஏதோ சண்டைப் படத்து மியூசிக் போட்டிருந்தார்கள். என் ஆபீஸ் டிரைவர்கள்கூடப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, போல்ட் டைட்டா?" என்றார்கள். ஆரஞ்சு வீல் கம்பெனிக்காரன், "இப்போதைக்கு வேணாம் மேடம்" என்று ஒரு மெசேஜ் அனுப்பினான். பேஜைத் திறக்கப் பார்த்தேன். பாஸ்வேர்ட் மாறியிருந்தது.

மகள் அடுக்களையில் நின்று சப்பாத்திக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"செலக்ஷனுக்கு நீ வரலாம். லேஸ் நீயே கட்டு. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. கேட்ல நுழையறதுலேருந்து என் கால்லேருந்து ஷூவ கழட்டற வரைக்கும். ஒரு வார்த்தை கூடாது."

"தொறந்தா?"

"தொறந்தா இனிமே எல்லா ரேஸுக்கும் டீச்சர்கூட போறேன். கேட்டுட்டேன். சரின்னாங்க."

கேட்டுவிட்டாளாம். டீச்சரும் சரி என்றாளாம். பேனர் போனது, கம்பெனி போனது, இப்போது பெற்ற பிள்ளையும் போகப் பார்க்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சப்பாத்திக் கட்டையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. வியாழக்கிழமைதோறும் சர்ச்சில் மகளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். அந்த வாரம் என் வாய்க்கும் சேர்த்து இன்னொன்று ஏற்றினேன்.

செலக்ஷன் அன்று கேட்டுக்கு வெளியே சாலையிலேயே பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்தேன். உள்ளே போனதும் வாயை மூடினேன். மண்டிபோட்டு லேஸ் கட்டினேன். வேறு எந்தக் கையாலும் அவிழ்க்க முடியாத மாதிரி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டேன்.

"மம்மி, போதும். ரத்தம் ஓட வேணாமா?" என்றாள். பதில் சொல்லவில்லை.

டீச்சர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். வேறு புடவை. எண்ணெய்க் கறை போனதா என்று கேட்கக்கூட எனக்கு அனுமதி இல்லை.

கடைசி ரேஸ் ரிங்க்குக்குள். கடைசிச் சுற்றில் முதல் மூன்று பேர் தனியாகப் போய்விட்டார்கள். நான்காவது இடத்துக்கு என் மகளும் டீச்சர் மகளும் தோளோடு தோள். கோட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் ஒரு காலை முன்னால் நீட்டினார்கள். யார் கால் கோட்டை முதலில் தொடுகிறதோ அவளுக்குத்தான் இடம். நான் கோட்டுக்கு நேராக நின்றேன். என் கண்ணால் பார்த்தேன். என் மகளின் கால்தான் முதலில்.

மைக்கில் நான்காவதாக டீச்சர் மகளின் நம்பரைச் சொன்னார்கள்.

என் மகள் ரிங்க்குக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை 'பேசு' என்றதா, 'பேசாதே' என்றதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு வருஷமாக எதற்காகக் கத்தினேனோ அது என் கண் எதிரே போகிறது. கத்தினால் இடம் கிடைக்கலாம், மகள் போய்விடுவாள். கத்தாவிட்டால் இடம் போய்விடும். துப்பட்டாவைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டீச்சர் சிவப்பு பேனாவை மூடினாள். பேப்பர்களை அடுக்கிப் பையில் வைத்தாள். எழுந்து, அவசரமே இல்லாமல் ஜட்ஜ் மேஜைக்கு நடந்தாள். கன்னடத்தில் மெதுவாக ஏதோ சொன்னாள். ஜட்ஜ் தலையை ஆட்டி மறுத்தார். இன்னொரு ஜட்ஜ் மட்டும் தாடையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் திரும்பித் தன் மகளைக் கூப்பிட்டாள்.

"இங்க வா. யார் கால் முதல்ல பட்டுச்சுன்னு சார்கிட்ட சொல்லு."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"சொல்லும்மா. உனக்குத் தெரியும்ல?"

"அவ கால்தான்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பெற்ற பெண்ணை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, கையில் வந்த இடத்தை அவள் வாயாலேயே விட்டுக்கொடுக்க வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. மடிப்புக் கலையவில்லை. என்னை வாயாடி என்கிறார்கள். இவளை என்னவென்று சொல்வது? நானாக இருந்தால் போயிருக்கமாட்டேன். அது அவளுக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஜட்ஜுகள் தங்களுக்குள் பேசினார்கள். மைக்கில் நம்பரை மாற்றிச் சொன்னார்கள். கைதட்டினார்கள், என் மகளுக்கு அல்ல, டீச்சருக்கு.

அவள் திரும்பி வரும்போது என் பக்கத்தில் நின்றாள். அதே சிரிப்பு. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "நீங்க கத்தியிருந்தீங்கன்னா நான் எழுந்தே இருக்கமாட்டேன்."

சொல்லிவிட்டுத் தன் மகளிடம் போனாள். அந்தப் பெண் ரிங்க்கின் அந்தக் கோடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. டீச்சர் குனிந்து லேஸில் கை வைத்ததும் காலை இழுத்துக்கொண்டது. தானே பிய்த்துப் பிய்த்துக் கழற்றியது. டீச்சர் வெறும் கையோடு நின்றாள். அதைப் பார்த்து எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வரக்கூடாதுதான். வந்தது.

என் மகள் வந்தாள். என் எதிரில் உட்கார்ந்து, என் மடியில் காலை வைத்தாள். முகமெல்லாம் வேர்வை. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மம்மி, டீச்சர் நமக்காக எவ்ளோ பெரிய விஷயம் பண்ணியிருக்காங்க. போயி ஒரு தேங்க்ஸ் சொல்லு."

நான் அவள் காலைக் காட்டினேன். ஷூ இன்னும் காலில்தான் இருந்தது. கழற்றும் வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொன்னவள் அவள்தான்.

"மம்மி, அவங்க கெளம்பறாங்க. சீக்கிரம் அவுரு."

டீச்சர் ஸ்கூட்டியின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அவள் மகள் முன்னாலேயே தனியாகப் போய்விட்டிருந்தாள். நான் குனிந்து, முதல் முடிச்சில் நகத்தை நுழைத்தேன். ரொம்ப இறுக்கமாகத்தான் போட்டிருந்தேன். மெதுவாக அவிழ்த்தேன்.